கரைந்த ஸ்டென்ட்டுக்கு ஓர் அசனம்

கல்யாணப் பத்திரிகை இல்லைக்கா அது. வாசிங்க, பரவாயில்ல. வாசிச்சுட்டு எல்லாரும் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாங்க, நீங்களும் பார்த்துக்கோங்க. மேல அந்தோணியார், கீழ சிவப்புல ஒரு இதயம், நடுவுல என் வீட்டுக்காரர் பேரு. ‘எங்கள் அன்பு மகன் கஸ்பாரின் நெஞ்சில் வைக்கப்பட்ட ஸ்டென்ட், புனித அந்தோணியாரின் மன்றாட்டால் முழுவதும் கரைந்துபோனதை முன்னிட்டு அசனம் நடைபெறும். அனைவரும் வருக.’ வாசகம் என் மாமியாரோடது. அச்சடிக்கிறவர் ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டார், கரைந்ததை முன்னிட்டுத்தானா, காலமானதை முன்னிட்டு இல்லையேன்னு. மாமி அவரைத் திட்டின திட்டுல பாதி விலைக்கு அடிச்சுக் கொடுத்துட்டார்.

உங்க பக்கம் அசனம் கிடையாதோ? நேர்ச்சை ஒண்ணு நேர்ந்து, அது நிறைவேறிட்டா, கோயில் வளாகத்துலயே கிடா வெட்டி ஊருக்கெல்லாம் கறிச்சோறு போடுறது. எங்க தூத்துக்குடியில பிள்ளை பிறந்தா போடுவாங்க, கடலுக்குப் போன ஆள் காத்துல தப்பிச்சு வந்தா போடுவாங்க. ஸ்டென்ட் கரைஞ்சதுக்குப் போடுறது நாங்கதான் முதல்னு நினைக்கிறேன். நாளைக்குத்தான், செவ்வாய்க்கிழமை. மதுரையில டாக்டர் கமலவேணின்னு இருக்காங்க, அவங்கதான் அன்னைக்கு அதை வச்சது. அவங்களுக்கு இதைக் கொடுக்கத்தான் இந்த பஸ்ல போறேன்.

கொடுக்க மட்டும் இல்ல. வீட்டுல அப்படிச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

இருங்க, இவளை இந்தப் பக்கம் சாய்ச்சுக்கிறேன், கால் உங்க மேல படுது. தூங்கிட்டா இவளுக்கு உலகமே தெரியாது. அக்ஸீலியா. அக்ஸின்னு கூப்பிடுவோம். அவருக்கு நெஞ்சுவலி வந்தப்ப இவ என் வயித்துல. பார்க்க வந்தவங்க எல்லாம் முதல்ல என் வயித்தைப் பார்ப்பாங்க, அப்புறம் கட்டில்ல கிடக்கிறவரைப் பார்ப்பாங்க, மறுபடி என் வயித்தைப் பார்ப்பாங்க. நல்லவங்கதான். ஆனா அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்க என்னால முடியாதுக்கா. எனக்கு இருபத்தேழு வயசுதான் ஆகுது. இவளுக்கு அப்பா வேணும். அவ்வளவுதான் என் கணக்கு.

அவர் துறைமுகத்துல கிரேன் ஆபரேட்டர். உசரத்துல கண்ணாடிக் கூண்டுல உட்கார்ந்து கன்டெய்னரைத் தூக்கிக் கப்பல்ல வைக்கிற வேலை. சிகரெட் கிடையாது, மத்ததும் கிடையாது. அன்னைக்கு டூட்டி முடிஞ்சு இறங்கும்போது பாதி ஏணியிலயே உட்கார்ந்துட்டாராம். கீழ இருந்தவங்க, கஸ்பார் அண்ணன் கடல் பார்க்கிறாருன்னு நினைச்சாங்களாம். அப்புறம்தான் ஏறிப்போய்த் தூக்கிட்டு வந்திருக்காங்க. தூத்துக்குடியில ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினாங்க. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தா ஒரு ரத்தக்குழாய் நல்லா அடைச்சிருக்கு. ஸ்டென்ட் வைக்கணும், உலோகத்துல சின்ன வலைக்குழாய் மாதிரி இருக்கும், அடைச்ச இடத்தை விரிச்சுப் பிடிச்சுக்கும்னு டாக்டர் சொன்னாங்க.

இவர் முடியாதுன்னுட்டார்.

பணத்துக்காக இல்லைக்கா. பயமும் இல்ல. துரு.

சிரிக்காதீங்க. நீங்க எங்க ஊர்ல குடியிருந்து பார்த்திருக்கணும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். வீட்டு கேட் ரெண்டு மழைக்குத் தாங்காது. ஜன்னல் கம்பியைத் தட்டினா வடகம் மாதிரி உதிரும். அவர் படுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட நிதானமாச் சொன்னார்: “அம்மா, நான் துறைமுகத்துக்காரன். உப்புல நிக்கிற இரும்பைத் தினம் பார்க்கிறேன். வருஷா வருஷம் கிரேனுக்குப் பெயின்ட் அடிச்சும் உரிஞ்சு விழுது. ரத்தமும் உப்புத்தானே? உள்ள வச்ச இரும்புக்கு யாரு பெயின்ட் அடிப்பா?”

டாக்டர் சிரிச்சுட்டு, இது வேற உலோகம், துருப்பிடிக்காதுன்னாங்க. கிரேன் விக்க வந்தவனும் அதைத்தான் சொன்னான்னு இவர் சொல்லிட்டார். மாமி தலைமாட்டுல நின்னு தலையை ஆட்டுறாங்க, மகன் ஏதோ பிரசங்கம் பண்ற மாதிரி. பக்கத்துக் கட்டில்ல திருச்செந்தூர்க்காரர் ஒருத்தர். ஏற்கெனவே ஸ்டென்ட் வச்சவர். இதைக் கேட்டுட்டு, நர்ஸைக் கூப்பிட்டுத் தனக்கு வச்சது எந்த இரும்புன்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டார்.

அப்பத்தான் டாக்டர் என்னைத் தனியா வெளியில கூப்பிட்டாங்க. என்கிட்ட இங்கிலீஷ்ல பேசினாங்க. நான் கான்வென்ட்ல படிச்சவக்கா, பார்த்தா தெரியாது. அங்க தமிழ்ல பேசினா ஃபைன். வீட்டுல அவருக்கும் மாமிக்கும் நான் இங்கிலீஷ்ல ஒண்ணு வாசிச்சுச் சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சு கிடையாது. கரன்ட் பில்லுல இருந்து டானிக் பாட்டில் வரைக்கும் நான்தான். நான் சொன்னா சொன்னதுதான்.

டாக்டர் என்ன சொன்னாங்கன்னா, கரையிற மாதிரி ஒரு ஸ்டென்ட் வந்திருக்கு. உலோகம் இல்ல. தையல் போட்ட நூல் தானா கரையுது பாருங்க, அந்த மாதிரிச் சரக்கு. மூணு வருஷத்துல உடம்பே அதைக் கரைச்சிடும். ஆனா புதுசு. உலோகத்தை விடத் தடிமன் கூட. அதுக்குள்ள ரத்தம் கட்டிக்கிற ஆபத்து கொஞ்சம் அதிகம். ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நாங்க சொல்லாம நிறுத்தவே கூடாது. என்னைக் கேட்டா உலோகமே வைக்கலாம், உன் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைன்னாங்க.

நான் உள்ள போய்ச் சொன்னேன்: “இரும்பு வேண்டாம். கற்கண்டு மாதிரி ஒண்ணு இருக்கு. மூணு வருஷத்துல கரைஞ்சிடும். நீங்க பிறந்தப்ப எப்படி இருந்தீங்களோ அப்படி ஆயிடுவீங்க.”

மத்ததைச் சொல்லலை. மறைச்சேன்னு சொல்லாதீங்க. சுருக்கினேன். கான்வென்ட்ல எங்களுக்கு அது ஒரு பாடமே உண்டு. ஒரு பெரிய பத்தியைக் கொடுத்து மூணுல ஒரு பங்காச் சுருக்கச் சொல்வாங்க. எனக்கு அதுல எப்பவும் முழு மார்க்கு. முக்கியமானது நிக்கணும், மத்தது போயிடணும். அந்த நேரத்துல முக்கியமானது அவர் சரின்னு சொல்றது. சொன்னார். அஞ்சு நிமிஷம் முன்னால உயிரே போனாலும் முடியாதுன்னவர், கற்கண்டுன்னதும் தலையை ஆட்டிட்டார். டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. எப்படிம்மா சம்மதிச்சார்னு கேட்டாங்க.

பிறந்தப்ப இருந்த மாதிரிங்கிறது மட்டும் என் சொந்தச் சரக்கு. அதுல என்ன தப்பு, ஆறுதலுக்குச் சொன்னது. ஆனா மாமி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. அங்கயே வராந்தாவுல முட்டி போட்டு, அந்தோணியாரே, அது கரையிற அன்னைக்கு உமக்கு அசனம்னு நேர்ந்துட்டாங்க.

அப்புறம் மூணு வருஷம் எங்க வீட்டுல அதே பேச்சுத்தான். ஜெபமாலை முடிஞ்சதும் மாமி தனியா ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வாங்க, கரையிறதுக்குன்னு. தெருவுல பார்க்கிறவங்க, என்ன கஸ்பாரு, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு கேட்பாங்க. பாதி தாண்டியாச்சுன்னு இவர் சொல்வார், லாரி திருநெல்வேலி தாண்டிட்டுதுன்னு சொல்ற மாதிரி. முதல் வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காப் போனோம். அப்புறம் போகலை. தானாக் கரையிறதைப் போய்ப் பார்த்து என்ன செய்யன்னார்.

மாத்திரை மட்டும் ஒழுங்காச் சாப்பிட்டார். அதைச் சொல்லணும். பல் தேய்ச்சா ரத்தம் வரும். சவரம் பண்ணும்போது சின்னக் கீறல் பட்டாலும் நிக்காது, மாமி மஞ்சத்தூளைத் தூக்கிட்டு ஓடுவாங்க. ஆனாலும் சாப்பிட்டார். மூணு வருஷம் முடிஞ்ச அன்னைக்குக் கேக் வாங்கிட்டு வந்து வெட்டினார். ராத்திரி நான் மீன் பொரிச்சுக்கிட்டிருக்கேன், பக்கத்துல வந்து நின்னு, “பெனி, ஸ்டென்ட்டே இல்லேன்னா மாத்திரை எதுக்கு?”ன்னு கேட்டார்.

எனக்கு நிசமாவே தெரியாதுக்கா. ஆனா தெரியாதுன்னு சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல. ஸ்கூல்ல சிஸ்டர் பெர்ப்பெத்துவான்னு ஒருத்தங்க. கேள்வி கேட்டு முழிச்சா பெஞ்சு மேல ஏத்திடுவாங்க. தப்பாச் சொன்னாலும் உட்கார விட்டுடுவாங்க. பத்து வருஷம் அப்படி வளர்ந்த வாய். ஆமா, அந்த மாத்திரை ஸ்டென்ட்டுக்குத்தானேன்னுட்டேன். மீனைத் திருப்பிப் போட்டேன். அவர் அன்னைக்கே நிறுத்திட்டார். மாத்திரை டப்பாவைக் கழுவி மாமி கிராம்பு போட்டு வச்சிருக்காங்க.

நான் நிறுத்தச் சொல்லலை, கவனிச்சீங்களா? அவர் கேட்டார். நான் ஆமான்னேன்.

அப்படியே போயிருக்கும். இந்த அசனம்தான் கெடுத்துச்சு. சாமியார் ஜெபம் முடிச்சதும் மைக்குல யாராவது நன்றி சொல்லணுமே, பெனி சொல்லட்டும், முதல்ல ரெண்டு வரி இங்கிலீஷ், அப்புறம் தமிழ்னு இவர் ஆசைப்பட்டார். சரி, கரையிற ஸ்டென்ட்டைப் பத்தி நல்ல வார்த்தையா நாலு எடுக்கலாம்னு போன்ல தேடினேன். வந்து விழுந்தது வேற. கரையும்போது சிலருக்கு அது சீராக் கரையாதாம். உடைஞ்ச துண்டு குழாய்க்குள்ள துருத்திக்கிட்டு நிக்குமாம், அதைச் சுத்தி ரத்தம் கட்டுமாம். ஒரு வருஷம் கழிச்சும் வருமாம், ரெண்டு மூணு வருஷம் கழிச்சும் வருமாம். பல இடத்துல அதை வைக்கிறதையே நிறுத்திட்டாங்களாம். வச்சுக்கிட்டவங்க டாக்டரைக் கேட்காம மாத்திரையை விடக் கூடாதாம். ஸ்டென்ட் போனாலும் வியாதி போறதில்லையாம். நானும் அதைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். எப்படிச் சுருக்கினாலும் சின்னதாகலை.

அவர்கிட்டச் சொல்லலாம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. பத்திரிகை ஊரெல்லாம் போயாச்சு. கிடா வந்து வாசல்ல கட்டியாச்சு. மனுஷன் மூணு வருஷத்துக்கு அப்புறம் பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிக்கிறார். அந்த ஆளைக் கூப்பிட்டு வச்சு இதைச் சொன்னா பயந்திட மாட்டாரா? இதயத்துக்காரங்களைப் பயமுறுத்தக் கூடாதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. அவர் உடம்பை நினைச்சுத்தான் வாயை மூடிக்கிட்டிருக்கேன். மாத்திரையை வாங்கிட்டு வந்து, சத்து மாத்திரைன்னு கொடுத்துப் பார்த்தேன். சத்து மீன்ல இருக்குன்னு தள்ளி வச்சிட்டார்.

அதான் டாக்டர்கிட்டப் போறேன். பத்திரிகையைக் கொடுத்துட்டு, ஒரு உதவி பண்ணுங்கன்னு கேட்கப் போறேன். அவங்களே போன்ல அவர்கிட்டப் பேசணும். கஸ்பார், உங்க மனைவி சொன்னது சரிதான், ஆனா போன வாரம் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க, இனிமே எல்லாரும் மாத்திரை சாப்பிடணும், அப்படின்னு. அந்த ‘புதுசா’ங்கிறதை மட்டும் அழுத்திச் சொல்லிட்டாப் போதும். டாக்டருக்கு அதுல என்ன நஷ்டம்? நான் சொன்னது நின்ன மாதிரியும் ஆச்சு, அவர் மாத்திரை சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு.

முன்னாடியே வந்திருக்கலாம்னு சொல்றீங்க. போன வாரம் ஒருநாள் புறப்பட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். டாக்டர் என்னைத் திட்டினாங்கன்னா? அன்னைக்கு உன்கிட்டத்தானே இங்கிலீஷ்ல சொன்னேன்னு கேட்டாங்கன்னா? அப்படியே கருவாடு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

போன் அடிக்குது, மாமிதான். ஒரு நிமிஷம்.

சொல்லுங்க மாமி... இல்ல, இன்னும் பார்க்கலை... சாப்பிடுவாங்க, சாப்பிடுவாங்க... அதெல்லாம் தனியா வேண்டாம்... அவர் எங்க?... சரி, வச்சிடுறேன்.

டாக்டரம்மா கறி சாப்பிடுவாங்களா, இல்ல அவங்களுக்குத் தனியா சாம்பார் வைக்கணுமான்னு கேட்கிறாங்க. வந்தா சாமியார் பக்கத்துல நாற்காலியாம். எங்க வீட்டுக்காரர் கோயில்ல நின்னு விறகு இறக்கிக்கிட்டிருக்காராம். கூலிக்கு ஆள் நிக்குது, இவரே இறக்குறாராம். தோள்ல அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டினாராம், பாருங்கலே, கஸ்பாரு பிறந்தப்ப இருந்த மாதிரின்னு. மாமிக்குச் சிரிப்புத் தாங்கலை. பிறந்தப்ப நீ மூணு கிலோ கூட இல்லைலே, மூட்டை உன்னைத் தூக்கியிருக்கும்னு சொன்னாங்களாம்.

எட்டயபுரம் தாண்டிட்டோமா? இந்த பஸ் ஏன் இப்படி உருட்டுது.

நீங்க சொல்றது புரியுதுக்கா. இப்பவே போன் பண்ணி நேராச் சொல்லிடுன்னு எவ்வளவு சுலபமாச் சொல்றீங்க. உங்க வீட்டுக்காரர் உங்களை நம்புறதே நீங்க இங்கிலீஷ் வாசிச்சுச் சொல்றதுக்குன்னு வச்சுக்கோங்க. அவர் படிச்சது எட்டாவது. பெண் பார்க்க வந்தப்ப என்கிட்டக் கேட்ட ஒரே கேள்வி, கப்பல் பேரெல்லாம் சரியா வாசிப்பியான்னு. வாசிப்பேன்னேன். அதுதான் எனக்குச் சீதனம். ஒரு தடவை தப்புன்னு ஆயிடுச்சுன்னா, நாளைக்கு இவளுக்கு காய்ச்சல் மருந்து நான் வாசிச்சுக் கொடுத்தா மாமி குடிக்க விடுவாங்களா? எதிர் வீட்டுப் பையன்கிட்டக் காட்டிட்டு வான்னு சொல்ல மாட்டாங்களா? நான் எனக்காகவா பயப்படுறேன்? இவளுக்காகத்தான்.

மறுபடி மாமி. டாக்டருக்கு எலும்பு பிடிக்குமா, ஈரல் பிடிக்குமான்னு கேட்கப் போறாங்க, பாருங்க.

சொல்லுங்க மாமி.

என்ன... எப்ப இருந்து?... தாடையா? பல் வலியா இருக்குமோ... வேர்க்குதா? வெயில்ல நின்னா வேர்க்கத்தானே செய்யும்... சட்டை முழுசுமா? மாமி, நிழல்ல உட்கார வையுங்க. உட்கார்ந்துதான் இருக்காரா... இடது கையையும் பிடிச்சுக்கிட்டா... ஆட்டோ நிக்குதுன்னா ஏத்துங்க மாமி, என்கிட்ட என்ன கேட்கிறீங்க, ஏத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க... ஏன்?... ஏன் மாட்டேங்கிறார்?

ஆண்டவரே.

அக்கா, இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. ஆட்டோவுல ஏற மாட்டேங்கிறாராம். நாலு பேர் பிடிச்சு இழுத்தும் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, வாயு, ஒரு சோடா கொடுங்கன்னு உட்கார்ந்திருக்காராம். எல்லார்கிட்டயும் சொல்றாராம்: “அங்க ஒண்ணுமே இல்லைலே, கரைஞ்சாச்சு. ஒண்ணும் இல்லாத இடத்துல என்ன வலிக்கும்? எம் பொண்டாட்டி இங்கிலீஷ்ல வாசிச்சுச் சொல்லிருக்கா.” ஊர் முழுக்க நிக்குது. மாமியும் அதைத்தான் கேட்கிறாங்க, ஏட்டி, நீதானே சொன்ன, அப்ப இது வாயுதானேன்னு கேட்கிறாங்க.

மாமி, வைக்காதீங்க. போனை அவர்கிட்டக் கொடுங்க.

என்னங்க. என்னங்க, நான்தான். ஆட்டோவுல ஏறுங்க... இல்ல, வாயு இல்ல... சொன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். கரைஞ்சிடும்னுதான் சொன்னேன்... கரைஞ்சிட்டு... இல்லைங்க, அது கரைஞ்சாலும்... மூச்சு விட்டுப் பேசுங்க. பேசாதீங்க. நீங்க பேசாதீங்க.

அக்கா, கேட்க மாட்டேங்கிறார். நான் சொன்னா கேட்க மாட்டார்னு இல்லக்கா, நான் சொன்னதைக் கேட்டுத்தான் அங்க உட்கார்ந்திருக்கார். பெனி, நீ சொன்னா தப்பா இருக்காதுங்கிறார். குரலே இல்ல, அதுல சிரிக்க வேற செய்யுறார். நான் என்ன சொல்லட்டும்? தப்புன்னு சொல்லவா? சொன்னா இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புவார்? நீங்க வேற, சொல்லு சொல்லுன்னு கையை அழுத்தாதீங்க. நேரம் இல்லைக்கா.

என்னங்க, இருங்க. கேட்குதா? டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க. ஆமா, நம்ம கமலவேணி டாக்டர்தான். என் பக்கத்துலதான் நிக்கிறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கோம், அதான் வண்டிச் சத்தம். உங்ககிட்டப் பேசணுமாம்.

அக்கா, தலையை ஆட்டாதீங்க. கும்பிடுறேன். ஒரே வரி. ஆட்டோவுல ஏறு, இப்பவே ஏறு, அவ்வளவுதான். புதுசாக் கண்டுபிடிச்சதெல்லாம் வேண்டாம். அழுத்திச் சொல்லுங்க, அவர் பேரு கஸ்பார். இந்தாங்க.

பேசுங்க, டாக்டர்.